ஏரி ஊர்ச் சொத்து, போர் என் சொத்து

செஞ்சிக் கோட்டையைக் காத்தது மதில் இல்லை, தண்ணீரும் நெல்லும்தான் என்பது என் கட்சி. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் வந்து முற்றுகை போட்டான். உள்ளே இருந்தது சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698இல். இடையில் சோற்றுக்குத் திண்டாடியது வெளியே கூடாரம் அடித்துக் கிடந்த முகலாயப் படை; ஒரு கட்டத்தில் முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிப் பக்கம் ஒதுங்கிப் போகவேண்டி வந்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் கோட்டையின் ராஜகிரி மலை மேலேயே சுனை இருந்தது, அடிவாரத்தில் குளங்கள் இருந்தன, கல்யாண மகாலுக்குப் பக்கத்திலேயே பெரிய பெரிய நெற்களஞ்சியங்கள் இருந்தன. சக்கரகுளத்துத் தண்ணீர் மண்குழாய் வழியாகக் கல்யாண மகாலின் மேலடுக்கு வரைக்கும் ஏறியது என்று சொல்வார்கள்.

நான் பொதுப்பணித்துறையில் ஏரிப் பாசனப் பிரிவில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மலையைப் பார்த்தால் மற்றவர்களுக்கு உச்சி தெரியும். எனக்கு, மழை பெய்தால் தண்ணீர் எந்தச் சரிவில் இறங்கி எந்த ஓடையில் சேரும் என்பதுதான் முதலில் கண்ணில் படும். தொழில் புத்தி போகாது. அந்த மண்குழாயையும் அப்படித்தான் யோசிப்பேன். எங்கேயாவது ஓர் இடத்தில் வேர் புகுந்து அடைத்தால் போதும், மேலே சொட்டுத் தண்ணீர் ஏறாது. ஆக, யாரோ வருஷா வருஷம் தோண்டிப் பார்த்து அடைப்பு எடுத்திருக்கிறார்கள். களஞ்சியத்திலும் பழைய நெல்லை இறக்கிப் புது நெல்லை ஏற்றியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் முற்றுகை வருவதற்கு முன்னாலேயே அந்து தின்று தீர்த்திருக்கும். கோட்டை கட்டினவர்கள் பெயரையும், பிடித்தவர்கள் பெயரையும், இழந்தவர்கள் பெயரையும் சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாற்றில் பார்க்கலாம். அடைப்பு எடுத்தவன் பெயர் எந்த வரலாற்றிலும் வராது.

2025 ஜூலை 11ஆம் தேதி பாரிஸ் கூட்டத்தில் யுனெஸ்கோ எங்கள் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராட்டியரின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. கோன்கள் தொடங்கி, நாயக்கர்கள் பெரிதாக்கி, பீஜப்பூர்க்காரர்கள் பிடித்து, அப்புறம் 1677இல் சிவாஜி கைக்கு வந்து இருபது வருஷம் சொச்சம் மட்டும் மராட்டியரிடம் இருந்த கோட்டைக்கு மராட்டியப் பெயரா என்று டீக்கடையில் பெரிய சண்டை. “தேசிங்கு ராஜா ஆண்டது சில மாசந்தான். 1714லயே செத்துப் போயிட்டாரு. அவரு பேரத்தான நாம புடிச்சிக்கினு கீறோம்?” என்று கேட்டு அந்தச் சண்டையை இன்னும் கொஞ்சம் வளர்த்துவிட்டு வந்தேன். வயசானவனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

பெயர் யாருடையதாக இருந்தாலும், கார்கள் வருகின்றன. வருகிறவர்கள் மலை ஏறி, படம் எடுத்து, இறங்கி, சாப்பிடத் திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ போய்விடுகிறார்கள். நம் ஊரில் விட்டுப் போவது காலி பாட்டில். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் என்று இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை போதாது.

செஞ்சிக்காரன் பிழைப்பது கோட்டையால் இல்லை, நெல்லால். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் மார்க்கெட் கமிட்டி வாசலில் டிராக்டரும் லாரியும் ரோடு வரைக்கும் நிற்கும். 75 கிலோ மூட்டை. எடை போடுகிறவர்கள், தைக்கிறவர்கள், சுமக்கிறவர்கள், கீழே சிந்தின நெல்லைக் கூட்டிப் பெருக்கி முறத்தில் புடைக்கிற பெண்கள். அந்த நாட்களில் செஞ்சிக் கடைத்தெருவில் பணம் புரளும். நகைக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே அன்றைக்குப் பொன்னி என்ன விலை போனது என்று சொல்லிவிடலாம்.

எங்கள் பகுதி ஏழைப் பகுதியா என்று கேட்டால், இல்லை. பணக்காரப் பகுதியா? அதுவும் இல்லை. உலக வங்கிக் கணக்கில் இந்தியா 2007 வாக்கில் ஏழை நாடுகள் வரிசையை விட்டு, நடுத்தர வருமான நாடுகளின் கீழ்ப்படிக்கு ஏறியது. தமிழ்நாடு அதிலும் முன்வரிசை. 2024-25இல் மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சி 11.19 சதவீதம் என்றார்கள். ஆனால் விழுப்புரம் மாவட்டம் அந்த முன்வரிசை வண்டியின் கடைசிப் பெட்டி. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம், எங்கள் மாவட்டத்தில் 71.88. பட்டினி இல்லை. ஓட்டு வீடு கான்கிரீட் ஆகிவிட்டது, வாசலில் பைக் நிற்கிறது, பிள்ளை ஒரகடத்தில் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறான், பெண் நர்சிங் படிக்கிறாள். கடனும் அதே வீட்டில்தான் இருக்கிறது.

இந்த நடு நிலையில் ஊருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். கையில் கொஞ்சம் காசு வந்ததும் ஒவ்வொரு குடும்பமும் பொதுவிலிருந்து விலகிக்கொள்கிறது. முழுதாக விலகக் காசு போதாது, பாதி விலகும். ஏரி வேண்டாம், ஆழ்துளைப் போர் இருக்கிறது. ஊர்க்குழாய் வேண்டாம், கேன் தண்ணீர் வருகிறது. ஊராட்சிப் பள்ளிக்கூடம் வேண்டாம், மஞ்சள் வேன் வாசலுக்கே வருகிறது. டவுன் பஸ் வேண்டாம், பைக். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான முடிவு. பெற்ற பிள்ளைக்கு நல்ல படிப்பு வேண்டும் என்று நினைப்பதை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் முதலில் விலகுகிறவன் யார் என்று பாருங்கள். பி.டி.ஓ. ஆபீசுக்குப் போய்க் குரலை உயர்த்திக் கேட்கத் தெரிந்தவன்தான். அவன் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிறகு, அங்கே கூரை ஒழுகினால் கேட்க ஆள் இல்லை. மிச்சம் இருப்பவர்கள் கேட்டாலும் காதில் விழுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் நம்மிடமே இருக்கிறது. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. எல்லாருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. பணம் வீண் என்று பேசினவர்கள் உண்டு. ஆனால் எங்கள் தெருவில் அரிசி புழுத்துப் போய் வந்தால் வாத்தியார் வீடும் கத்தும், கூலிக்காரர் வீடும் கத்தும். கடைக்காரர் ஒரே நாளில் மூட்டையை மாற்றுவார். ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் புழுவை ஏழை மட்டும்தான் பொறுக்கியிருப்பான். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ போகிற பிள்ளைக்குத்தான். அந்தப் பள்ளியை விட்டு நாம் விலகிவிட்டால், தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கிற கண்ணும் குறையும்.

ஏரிக்கு வருகிறேன். தெரிந்த விஷயத்தில் நின்று பேசுவதுதான் மரியாதை.

தமிழ்நாட்டில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 39,000 ஏரிகள் என்பது கணக்கு. எங்கள் பக்கம் போன்ற வடமாவட்டங்களிலும் அவை நிறைய. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளது துறையைச் சேர்ந்தது, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. காகிதத்தில் இப்படிப் பிரித்துவிட்டார்கள், தண்ணீர் பிரியாது. மேலே உள்ள ஏரி நிரம்பிக் கோடி போனால்தான், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்தால்தான், அடுத்த ஊர்த் தாங்கலுக்கு வரும். அது கோடி போனால் அதற்கும் அடுத்த ஊருக்கு. கடைசியில் சங்கராபரணியில் விழும். செஞ்சி மலைகளில் பிறக்கிற அந்த ஆறு, வீடூர் அணையில் தங்கி, புதுச்சேரி பக்கம் கடலுக்குப் போகிறது. நடுவில் ஓர் ஊர்க்காரன் வரத்துக் கால்வாயை மடக்கிக் கழனியில் சேர்த்துக்கொண்டால், கீழே நாலு ஏரி காயும். மழைக்காலத்தில் அதே இடத்தில் தண்ணீர் முட்டி நின்று, மேலே இருக்கிற ஊருக்குள் புகும்.

எங்கள் மண்ணுக்குக் கீழே பாறை. காவிரி டெல்டா மாதிரி தோண்டின இடத்தில் ஊறாது. பாறை வெடிப்பில் எங்கேயாவது தண்ணீர் ஒளிந்திருந்தால் உண்டு. ஏரியில் ஆறு மாசம் தண்ணீர் நின்றால் அது மெல்ல மெல்ல இறங்கி அந்த வெடிப்புகளை நிரப்பும். கரைக்குக் கீழே உள்ள கிணறுகள் எல்லாம் ஏரியின் மறுபாதி என்று நான் ஜே.இ.க்களிடம் சொல்லுவேன். 1990 வாக்கில் விவசாயத்துக்கு மின்சாரம் முழு இலவசமாகியது. அதற்குப் பிறகு ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கரைமேல் ஏறிப் பார்க்கிற வழக்கமே குறைந்துபோனது. சுவிட்சைப் போட்டால் தண்ணீர். இலவச மின்சாரம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் எங்கள் பக்கம் பாதிப் பேர் விவசாயத்தை விட்டிருப்பார்கள். ஏரி இல்லாமலே மோட்டார் ஓடும் என்று நம்பினதுதான் தப்பு.

2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அந்தக் கோடையில் என் தம்பி மகன் போர் போட்டான். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ராத்திரி முழுக்க ஓடியது. கம்ப்ரசர் சத்தத்தில் தெருவில் ஒருவரும் தூங்கவில்லை. நானூறு அடியில் கொஞ்சம் ஈரத் தூள் வந்தது. பையன் முகம் மலர்ந்தது. அப்புறம் மறுபடி வெள்ளைத் தூள். வேப்பமரம், வைக்கோல்போர், மாடு, கட்டிலில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி, எல்லாம் வெளுத்துப்போனது. ஒவ்வொரு நூறு அடிக்கும் ரிக்காரர் வந்து, “போலாமாண்ணா?” என்பார். அவன் மனைவியைப் பார்ப்பான். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு தலையாட்டுவாள். எழுநூறு அடியில் நிறுத்தினார்கள். கழுத்தில் இருந்தது சொசைட்டியில் அடகுக்குப் போனது. போதாத மிச்சத்துக்குக் குழு லோன். அந்த வாரக்கட்டு இரண்டு வருஷம் அவர்களை ஆட்டி வைத்தது. கட்டத் தவறினவர்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறவர்களைத் தடுக்க 2025இல்தான் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது.

ரிக் வருவதற்கு முதல் நாளே நான் அவனிடம் சொல்லிப் பார்த்தேன்.

“ஏரியில தண்ணி நின்னாத்தான்டா போருக்கும் தண்ணி. ஊரோட சேர்ந்து வரத்துக் கால்வாய வெட்டலாம், வா.”

“பெரியப்பா, ஏரி ஊர்ச் சொத்து. போர் என் சொத்து. நான் பாடுபட்டு ஊர்ல எல்லார் கிணறும் ஊறணுமா? மொதல்ல மத்தவன் வரட்டும்.”

கோபம் வரவில்லை. ஊரில் ஒவ்வொருவரும் மனசுக்குள் வைத்திருந்ததை அவன் வாய்விட்டுச் சொன்னான், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் வயசுக்காரர்கள் ஒரு பல்லவி பாடுவார்கள்: அந்தக் காலத்தில் ஊரே கூடிக் குடிமராமத்து செய்தது, இப்போது ஒற்றுமை போய்விட்டது என்று. மேடையில் கேட்க நன்றாக இருக்கும். மண்வெட்டி பிடித்தது யார் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். 1858இல் மதராஸ் மாகாணத்தில் குடிமராமத்துக்காகப் போட்ட சட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். கழனி இருந்தது ஊர்க்காரர்களுக்கு. கரையில் மண் சுமந்ததும், நடுராத்திரி மடை திறக்க ஓடினதும், மதகில் மூழ்கி அடைப்பு எடுத்ததும் பெரும்பாலும் காலனிக்காரர்கள். கூலி என்று களத்தில் அளந்து போட்ட நெல்லு. வராதவனைக் கட்டிவைத்து அடித்த கதைகளை என் சின்ன வயசில் திண்ணையில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தக் காலனிக்காரர்களின் பிள்ளைகள் படித்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் போய், இனி நெல்லுக்கு மடை திறக்க முடியாது என்று நின்றார்கள். நின்றது சரி. ஏரி கெட்டதற்கு அவர்கள் காரணம் இல்லை. அவர்கள் விட்டுப்போன வேலையைத் தாங்கள் செய்ய ஊர்க்காரர்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, கூலி கொடுத்துச் செய்விக்க மனசு இடம் கொடுக்கவில்லை. நடுவில் வேலிக்காத்தான் முள் ஏரிக்குள் இறங்கிவிட்டது.

அதனால்தான் நூறு நாள் வேலையைக் கிண்டல் செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 2006 பிப்ரவரியில் அது நாட்டில் முதலில் தொடங்கின மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. தொடக்கத்தில் 80 ரூபாய். 2025-26இல் அறிவித்த கூலி 336 ரூபாய். மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்பார்கள். உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன், வெட்டினதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஏரிக்கு வரும் கால்வாயில் கொஞ்ச தூரத்தை அந்தப் பெண்கள்தான் தூர் எடுத்தார்கள். வயசான ஓர் அம்மா மண்கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “எம் மாமனாரும் இதே வாய்க்கால வெட்டுனாருங்க. அவரு அடிக்குப் பயந்து வெட்டுனாரு. நான் கார்டு வச்சிக்கினு வெட்டறேன். கூலி லேட்டா வந்தா கேப்பேன்.” ஏரி நிர்வாகம் பற்றித் துறை நடத்தின எத்தனையோ பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை.

2017இல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. சில இடங்களில் நன்றாக நடந்தது. பல இடங்களில் பொக்லைன் வந்து ஏரியின் நடுவில் ஆழமாக அள்ளிக்கொண்டு போனது. ஏரியை அப்படி அள்ளக்கூடாது. மேலே படிந்த வண்டலை மட்டும் சீராக எடுத்துக் கொல்லைக்குப் போடவேண்டும். மதகு மட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அங்கே நிற்கிற தண்ணீர் எந்தக் கழனிக்கும் பாயாது, ஆடு மாடும் பிள்ளைகளும் விழத்தான் உதவும். வண்டல் எடுக்கத் தாலுகா ஆபீசிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024இல் எளிதாக்கினார்கள். அது நல்லது. வண்டல் என்ற பெயரில் சவுடு போவதை யார் பார்ப்பது என்பதுதான் மிச்சம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்தில் பாதி மழை ஒரு நாளில் கொட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கராபரணி இரு கரையும் தொட்டு ஓடியது. 32 அடி வீடூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் புதுச்சேரி எல்லை வரைக்கும் ஊர்களை மிரட்டியது. எங்கள் ஊரில் கோடிக் கால்வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கொட்டகை, ஒரு தென்னந்தோப்பு, மூன்று நாலு வீடுகள். தண்ணீர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஏரியின் உள்வாயோரம் பாலிதீன் குடிசை போட்டிருந்த இருளர் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தோம். பாதிப் பிள்ளைகள் வேனில் போய்விட்டதால் அங்கே வகுப்பறை காலியாக இருந்தது. அன்றைக்கு அதனால் ஒரு பிரயோஜனம்.

புயல் போன பிறகு வழக்கம்போல ஆக்கிரமிப்பை அகற்று என்ற குரல் எழுந்தது. எழுந்ததும் முதலில் எல்லார் கையும் நீண்டது அந்தக் குடிசைகளை நோக்கித்தான். செங்கல் சூளையிலும், மரம் வெட்டுகிற இடத்திலும் முன்பணம் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டு, ஊருக்கு ஊர் போய்க்கொண்டிருக்கிற ஜனம் அது. பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் அவர்கள் அலைகிற அலைச்சல் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வைத்துப் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருப்பது இதற்குத்தான். அந்தக் குடிசைகள் தண்ணீரை ஒரு முழம்கூடத் தடுக்கவில்லை. தடுத்தது கொட்டகையும் தோப்பும். ஆனால் குடிசையைப் பிய்க்க ஒரு சிப்பாய் போதும். தோப்புக்கு வக்கீல் வருவார். புறம்போக்கு என்றால் பொது என்று நாம் பேசுகிறோமே, நடைமுறையில் அது பலமுள்ளவனுக்குத் தோப்பு, பலமில்லாதவனுக்குக் குற்றம்.

2009இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கின எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையார் இந்த மாதிரி விஷயங்களைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார் என்று, ஓய்வுக்குப் பிறகு என் மகள் கொடுத்த ஒரு புத்தகத்தில் படித்தேன். நேபாளத்தில் விவசாயிகளே கல்லும் மண்ணும் வைத்து நடத்துகிற வாய்க்கால்கள், அரசாங்கம் சிமெண்டில் கட்டிக் கொடுத்தவற்றைவிட நன்றாகக் கடைமடை வரைக்கும் தண்ணீர் கொண்டுபோனதாம். காரணம், வேலையில் யாருக்கு எவ்வளவு பங்கு, தண்ணீரில் யாருக்கு எவ்வளவு பங்கு, தப்பினால் என்ன அபராதம் என்பதை அவர்களே பேசி முடிவு செய்திருந்தார்கள். தப்புகிறவனைக் கண்காணிக்கவும் அவர்களே ஆள் வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்தில் புதுச்சேரியில் 84 ஏரிகள். அவற்றைச் சீர்செய்ய 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு திட்டம் தொடங்கியபோது, ஏரிச் சங்கங்களில் கழனிக்காரர்கள் மட்டுமில்லாமல் நிலமில்லாதவர்களையும் பெண்களையும் சேர்த்தார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த ஒரு விதிதான். மீன் குத்தகை, கரை மரம், புல், வண்டல் என்று ஏரியில் கழனி தவிர இன்னும் எவ்வளவோ வருமானம் உண்டு. கழனி இல்லாதவனுக்கும் ஏரியில் பங்கு இருக்கிறது என்றால்தான் அதைக் கெடுப்பவனைக் கேட்க அவனுக்கும் வாய் இருக்கும்.

இப்போது நான் செய்வது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கிராம சபை கூடும்போதெல்லாம் போய் உட்காருகிறேன். முன்பெல்லாம் வருஷத்துக்கு நாலு முறை. 2022 முதல் மார்ச் 22 தண்ணீர் தினத்தையும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தையும் சேர்த்து ஆறு முறை. என் கோரிக்கை ஒன்றுதான்: கிராம வரைபடத்தில் உள்ளபடி வரத்துக் கால்வாயையும் கோடிக் கால்வாயையும் தலையிலிருந்து கடைசி வரை அளந்து கல் நடுங்கள். தூர் எடுப்பது, கரை போடுவது எல்லாம் அதற்கப்புறம். கால்வாயின் அகலம் எவ்வளவு என்று தெரியாமல் கோடிக்கணக்கில் செலவு செய்தால் பொக்லைன்காரருக்குத்தான் லாபம். வரைபட நகலையும் நானே எடுத்து வந்து கொடுத்தேன். முதல் முறை தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் முறை, போன முறையே எழுதிவிட்டோமே என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நூறு நாள் வேலைப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. கல் நட்டால் அடுத்த வருஷ வேலைக்கு இடம் கிடைக்கும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அடுத்த சபையில் அவர்கள் பதினைந்து இருபது பேர் ஒன்றாக எழுந்து நின்று கேட்டார்கள். சர்வேயருக்குக் கடிதம் போனது.

தம்பி மகன் அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தான். அவன் போட்ட போரில் அந்தப் புயல் மழைக்குப் பிறகு தண்ணீர் ஊறியிருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடும், அப்புறம் மோட்டாரை நிறுத்தவேண்டும். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தான். வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறான்.

“பெரியப்பா, அளந்தா என் கொல்லையில ரெண்டு வரிசை தென்னை போவும்.”

“தெரியும்.”

“பதினாலு மரம். காய்க்கிற மரம்.”

“தெரியும்டா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “வுட்டுடறேன். ஆனா எனக்கு அளக்கற அதே சங்கிலி மேல இருக்கற தோப்புக்கும் போவணும். அதுக்கு நீங்க பொறுப்பா?”

அந்தத் தோப்பு யாருடையது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சர்வேயர் வருகிற அன்றைக்கு நீயும் வந்து கூட நில் என்றேன். வேலைக்கு லீவு சொல்லவேண்டுமே, தேதியை முன்கூட்டிச் சொல்வார்களா என்று கேட்டான். தாலுகா ஆபீசில் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.